இரண்டு சொல், ஒரே வினை: ஆங்கில ஃபிரேசல் வெர்ப் பழக ஒரு வழி

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என் மாலை வகுப்புக்கு வருகிறார். ஒரு நாள் முகம் வாடி வந்தார். அன்று காலை வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் அவரிடம், "குட் யூ புட் அஸ் அப் ஃபார் ஒன் மோர் நைட்?" என்று கேட்டிருக்கிறார்கள். 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே. மேல்மாடியில் அறை கேட்கிறார்கள் என்று எண்ணிய தம்பி, மூன்றாம் மாடி அறையின் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். அவர்கள் கேட்டதோ, இன்னும் ஓர் இரவு எங்களைத் தங்கவைக்க முடியுமா என்பது.

"இரண்டு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான் சார். சேர்ந்து வந்தபோது தெரியாமல் போய்விட்டது" என்றார்.

அவர் சொன்ன அந்த இடத்தில்தான் நம்மில் பலரும் தடுமாறுகிறோம். ஒரு வினையும் 'அப்' போன்ற ஒரு சிறுசொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தரும் இந்தக் கூட்டுக்குத்தான் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். பள்ளியில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, பொருளைக் கடந்து வந்துவிட்டோம். வேலைக்குப் போன பிறகு, தொலைபேசியில், விருந்தினர் முன்னால், நேர்காணலில் அது மறுபடியும் வந்து நிற்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் பழகினால் பிடிபடும் என்பதை, என் வகுப்பில் பலன் தந்த முறையிலேயே எழுதுகிறேன்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகாமல், வாய்விட்டுப் படியுங்கள். ஒரே ஒரு குறிப்பு: 'ஓ' வுக்குப் பின் ஒற்றை 'எஃப்' உள்ள சொல்லை 'அவ்' என்றும், இரட்டை 'எஃப்' உள்ளதை 'ஆஃப்' என்றும் எழுதுகிறேன். உண்மையில் அவற்றின் ஒலியும் அப்படித்தான். இரண்டையும் ஒன்றுபோலச் சொல்வதாலேயே பலருக்கு இந்தப் பாடம் முதல் அடியில் குழம்பிவிடுகிறது.

முதலில், உங்களிடம் இருப்பதைப் பாருங்கள்

வெளியே கிளம்பும் அம்மா, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனால், நாம் தம்பியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சோறு போடுவோம், தூங்கவைப்போம், வாசலைத் தாண்டாமல் காவல் இருப்போம். 'பார்' தனி, 'கொள்' தனி. சேர்ந்தால் கவனித்து வளர்ப்பது என்ற மூன்றாவது பொருள் பிறக்கிறது. 'விட்டுக்கொடு' என்பதில் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. 'கண்டுபிடி' என்பதில் எதையும் பிடிப்பதில்லை. இவற்றைக் கூட்டுவினை என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம்.

ஆங்கிலத்தின் ஃபிரேசல் வெர்பும் இதே குடும்பம்தான். பார்த்துக்கொள், 'லுக் ஆஃப்டர்'. விட்டுக்கொடு, 'கிவ் இன்'. கண்டுபிடி, 'ஃபைண்ட் அவுட்'. தள்ளிப்போடு, 'புட் ஆஃப்'. ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். நாம் இரண்டு வினைகளை இணைக்கிறோம். அவர்கள் ஒரு வினையோடு அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர், பேக் போன்ற ஒரு சிறுசொல்லை இணைக்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செக்கப்புக்குப் போனேன், வண்டி பிரேக்டவுன் ஆகிவிட்டது, கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறார்கள், தலைவருக்குக் கட்டவுட் வைத்திருக்கிறார்கள், லாக்கப்பில் வைத்தார்கள், புதுக் கெட்டப்பில் வந்தார் என்று நாம் நாள்தோறும் பேசுகிறோமே, இவை எல்லாமே ஃபிரேசல் வெர்பிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள். மேலமாசி வீதியில் நின்று பத்து நிமிடம் காது கொடுத்தால் நான்கைந்து கிடைக்கும்.

கடினம் என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டியதில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்தக் கூட்டுகள் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று ஒப்புக்கொண்டு, அதனாலேயே அவற்றைத் தனிக் கவனத்தோடு குறித்திருப்பதாக எழுதினார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அதைப் பயன்படுத்தியபோது, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தந்த பெயர் இது என்று குறிப்பிட்டார்.

நோட்டில் எப்படி எழுதுவது

கடைகளில் ஐந்நூறு, ஆயிரம் என்று பட்டியல் போட்ட புத்தகங்கள் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள். அந்தப் பட்டியல்களில் கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் பை என்று ஒரே வினையின் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்கும். ஒரே சீருடை போட்ட இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்தினால் யார் பெயர் மனதில் நிற்கும்?

வினையை வைத்துப் பிரிக்காமல் இடத்தை வைத்துப் பிரியுங்கள். பஸ்ஸுக்கு ஒரு பக்கம், கடைக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம், சமையலறைக்கு ஒரு பக்கம். வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதவேண்டும்; அந்த வாக்கியம் உங்கள் வீட்டில் நடந்த உண்மையாக இருக்கவேண்டும். 'கிவ் அப் என்றால் கைவிடு' என்று எழுதுவதில் பயன் இல்லை. "மை ஃபாதர் கேவ் அப் ஸ்மோக்கிங்" என்று எழுதினால், மூன்று செய்திகள் ஒரே வரியில் பதிகின்றன: காலம் மாறும்போது 'அப்' மாறாமல் வினைதான் மாறுகிறது, பின்னால் ஒரு செயல் வந்தால் 'இங்' ஏற்கிறது, அப்பா புகைப்பதை விட்டுவிட்டார். மூன்றாவது செய்தி உங்களுடையது என்பதால் முதல் இரண்டும் மறக்காது.

பஸ்ஸிலிருந்து தொடங்குவோம்

மாட்டுத்தாவணியில் ஏறி ஒத்தக்கடையில் இறங்குகிறோம். தமிழில் ஏறு, இறங்கு என்ற இரண்டு வினைகள் எல்லா வண்டிக்கும் போதும். ஆங்கிலத்தில் வண்டியைப் பார்த்துச் சிறுசொல் மாறும். உள்ளே எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டி என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் அடங்கும். உட்காரத்தான் முடியும், நிமிர முடியாது என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் அவ்'. காரும் ஆட்டோவும் இந்த வகை. மேலே ஏறி அமரும் சைக்கிளும் பைக்கும் மறுபடியும் 'ஆன்', 'ஆஃப்'.

"ஐ காட் ஆன் தி பஸ் அட் மாட்டுத்தாவணி அண்ட் காட் ஆஃப் அட் ஒத்தக்கடை."

"ஐ காட் இன் தி ஆட்டோ அட் கோரிப்பாளையம் அண்ட் காட் அவுட் அவ் இட் நியர் தி மகால்."

நம் ஊரில் எல்லாரும் 'கெட் டவுன்' என்றுதான் சொல்கிறோம். இறங்கு என்றால் கீழே என்ற எண்ணம் தமிழிலிருந்து அப்படியே வருகிறது. மதுரைக்குள் இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அதற்காக யாரையும் கேலி செய்வதும் சரியில்லை. ஆனால் வெளிநாட்டவரோடு பேசும்போதும் எழுதும்போதும் 'கெட் ஆஃப்' என்பதே இயல்பு. இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் 'கெட் ஆன்', இறங்கும்போது 'கெட் ஆஃப்'. காலோடு சேர்ந்து படிக்கும் பாடம் இது.

வண்டி வழியில் நின்றுவிட்டால், "தி பஸ் ப்ரோக் டவுன் நியர் திருமங்கலம்." இதில் செயப்படுபொருள் கிடையாது; வண்டி தானாகவே 'ப்ரோக் டவுன்' ஆகிறது. டிரைவர் வண்டியை 'ப்ரோக் டவுன்' செய்தார் என்று சொல்ல முடியாது. 'கெட் அப்', 'க்ரோ அப்', 'சிட் டவுன்' எல்லாம் இந்த வகை. இவற்றில் சிக்கலே இல்லை, தைரியமாகப் பேசலாம்.

'இட்' எங்கே உட்காரும்?

இந்தப் பாடத்தில் மேடு பள்ளம் உள்ள இடம் இதுதான். கொஞ்சம் நின்று போவோம்.

'பார்த்து' என்பதற்கும் 'கொள்' என்பதற்கும் நடுவே தமிழில் செயப்படுபொருளை வைக்க மாட்டோம். ஆங்கிலத்தில் சில கூட்டுகள் நடுவில் இடம் கொடுக்கும். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் நிற்கும் சுற்றுலா வழிகாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டும். கைபேசி உள்ளே அனுமதி இல்லை, அதை ஒப்படைக்கச் சொல்லவேண்டும்.

"டேக் ஆஃப் யுவர் ஷூஸ்" என்றாலும் சரி, "டேக் யுவர் ஷூஸ் ஆஃப்" என்றாலும் சரி. "ஹேண்ட் ஓவர் யுவர் ஃபோன்" என்றாலும் சரி, "ஹேண்ட் யுவர் ஃபோன் ஓவர்" என்றாலும் சரி. பொருளின் பெயரைச் சொல்லும்வரை இரண்டு இருக்கையும் காலி. ஆனால் பெயருக்குப் பதில் 'இட்', 'தெம்', 'ஹிம்', 'ஹெர்', 'மீ', 'அஸ்' வந்துவிட்டால் நடு இருக்கை மட்டுமே. "டேக் தெம் ஆஃப்." "ஹேண்ட் இட் ஓவர்." திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு, "யூ கேன் பிக் இட் அப் லேட்டர்." 'டேக் ஆஃப் தெம்', 'பிக் அப் இட்' என்பவை பிழை.

விடுதித் தம்பி கேட்ட வாக்கியத்தை இப்போது மறுபடியும் பாருங்கள்: 'புட் அஸ் அப்'. 'அஸ்' நடுவில் வந்து உட்கார்ந்ததால்தான் 'புட்' ஒரு பக்கமும் 'அப்' ஒரு பக்கமுமாகப் பிரிந்து, அவர் காதில் இரண்டு தனிச் சொற்களாக விழுந்தன. ஆகவே பேச்சைக் கேட்கும்போது, வினை வந்தவுடன் பொருள் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நம் மொழியில் வினைமுற்று வரும்வரை காத்திருந்து பழகியவர்கள் நாம். அதே பொறுமையோடு இரண்டு மூன்று சொல் தள்ளி ஒரு சிறுசொல் வருகிறதா என்று கவனியுங்கள்.

எல்லாக் கூட்டுகளும் பிரியுமா? பிரியாது. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்', 'ரன் இன்டு', 'கெட் ஓவர்' போன்றவை ஒட்டியே இருக்கும். "ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்" என்பதே சரி. 'லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்' என்று வராது. எது பிரியும், எது பிரியாது என்பதற்கு வாய்ப்பாடு தேடி அலைய வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் வெளியிடும் மாணவர் அகராதிகளில் ஒரு வசதி இருக்கிறது. பிரியக்கூடிய கூட்டுக்கு நடுவில் 'சம்திங்' அல்லது 'சம்படி' என்ற சொல்லைப் போட்டுக் காட்டுவார்கள். பிரியாததற்கு அது கடைசியில் நிற்கும். அந்தச் சொல் நிற்கும் இடத்தைப் பார்த்து, உங்கள் நோட்டில் 'இட்' அல்லது 'ஹிம்' சேர்த்து எழுதிவிடுங்கள்: 'டேக் இட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர் ஹிம்'. விதி தனியாக வேண்டாம். எழுதிய வடிவத்திலேயே விதி அடங்கிவிடும்.

பொருளின் பெயர் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். "டர்ன் ஆஃப் தி லைட் இன் தி ரூம் நெக்ஸ்ட் டு தி கிச்சன்" என்பதில் 'ஆஃப்' கடைசிக்குப் போனால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

மூன்று சொல் கூட்டு

பூச்சந்தையில் முகூர்த்த நாளில் மல்லிகை விலை 'கோஸ் அப்'. முகூர்த்தம் முடிந்தால் 'கம்ஸ் டவுன்'. கடையில் பூ தீர்ந்துபோனால், "வீ ஹேவ் ரன் அவுட் அவ் ஜாஸ்மின்." கிரிக்கெட்டின் 'ரன் அவுட்' தெருப்பிள்ளைகளுக்கும் தெரியும், 'அவ்' சேர்ந்த பிறகு அது கையிருப்பு தீர்ந்த கதை. தங்கவைக்கும் 'புட் அப்' உடன் 'வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்: "ஐ கான்ட் புட் அப் வித் திஸ் ஹீட்." சித்திரை வெயிலில் இதைச் சொல்லிப் பழகலாம்.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு இன்றியமையாதது 'லுக் ஃபார்வர்ட் டு'. தமிழில் எதிர்நோக்கு என்கிறோம். எதிரே நோக்குவது, அவர்கள் சொல்வதும் அதே. இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று எழுதுவது. "ஹியரிங் ஃப்ரம் யூ" என்பதே சரி. சந்தேகம் வந்தால் மறுபடியும் அந்த 'இட்' சாவியைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்று சொல்ல முடிகிறது அல்லவா? 'டு' வுக்குப் பின்னால் 'இட்' வர முடிந்தால், அந்த இடத்தில் செயல் வரும்போது 'இங்' ஏற்றுத்தான் வரும்.

சிறுசொல்லுக்கும் ஒரு குணம் உண்டு

ஐம்பது அறுபது வாக்கியம் நோட்டில் சேர்ந்த பிறகு இதைப் படியுங்கள்; முதல் நாளே வேண்டாம்.

"சாப்பிட்டாயா?" என்பதற்கும் "சாப்பிட்டுவிட்டாயா?" என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். 'விடு' சேர்ந்தால் செயல் மிச்சமில்லாமல் முடிகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை அடிக்கடி 'அப்' செய்கிறது. 'ஈட் அப்', சாப்பிட்டு முடித்துவிடு. 'யூஸ் அப்', தீர்த்துவிடு. 'க்ளீன் அப்', சுத்தம் செய்துவிடு. இந்த 'அப்' மேலே போகவில்லை. செயல் விளிம்புவரை போகிறது. குடத்தில் தண்ணீர் விளிம்புவரை ஏறுவதை நினைத்தால் 'ஃபில் அப்' தானாகப் புரியும்.

பேசிக்கொண்டே இரு என்பதில் வரும் 'கொண்டே' போல 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டும்: 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்'. திருப்பிக் கொடு, திரும்பி வா என்பதில் உள்ள திருப்பத்தை 'பேக்' காட்டும்: 'கிவ் பேக்', 'கம் பேக்', 'கால் பேக்'. பிரிந்து போவதை 'ஆஃப்' காட்டும்: 'கட் ஆஃப்', 'டேக் ஆஃப்', 'செட் ஆஃப்'. மதுரை விமான நிலையத்தில் விமானம் தரையை விட்டுப் பிரிவதும், கோயில் வாசலில் செருப்பு காலை விட்டுப் பிரிவதும் ஒரே 'டேக் ஆஃப்' ஆக இருப்பது இதனால்தான்.

ஆனால் இதை முழுக்க நம்பி விடக்கூடாது. படிவத்தை நிரப்புவதற்கு பிரிட்டனில் 'ஃபில் இன்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஃபில் அவுட்' என்பார்கள். இன் என்றால் உள்ளே, அவுட் என்றால் வெளியே, பொருள் மட்டும் ஒன்றே! குணத்தை அறிவது ஊகிக்க உதவும். முடிவு சொல்வது அகராதியும் வழக்கும்தான்.

காதில் எப்படி விழும்

புத்தகத்தில் தெரிந்த கூட்டு தொலைபேசியில் ஏன் தெரியாமல் போகிறது? நமக்குப் புணர்ச்சி தெரியும். பால் என்பதோடு ஆறு சேர்ந்தால் பாலாறு. மெய்யின்மேல் உயிர் ஏறிக்கொள்கிறது. ஆங்கிலப் பேச்சிலும் அதே நடக்கிறது. சிறுசொற்களில் பல உயிரெழுத்தில் தொடங்குபவை; 'இட்' டும் உயிரில் தொடங்குகிறது. ஆகவே முன்னால் உள்ள மெய்யோடு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன.

பிக், இட், அப் மூன்றும் சேர்ந்து 'பிக்கிட்டப்'. டேக், இட், ஆஃப் சேர்ந்து 'டேக்கிட்டாஃப்'. புட், இட், ஆன் சேர்ந்து 'புட்டிட்டான்'. மூன்று தனிச் சொல்லுக்காகக் காத்திருக்கும் காதில் ஒரே நீளச் சொல் வந்து விழுந்தால் அது எப்படிப் பிடிபடும்? ஆகவே உங்கள் வாயிலும் அப்படியே சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். வாயில் வந்த ஒலியைத்தான் காது அடையாளம் காணும். தமிழ் எழுத்தில் இந்தச் சேர்ப்பை எழுதிப் பார்க்க முடிவது நமக்குக் கிடைத்த வசதி. என் மாணவர்கள் நோட்டின் ஓரத்தில் இப்படித்தான் எழுதிவைக்கிறார்கள்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். 'டேக்கிட்டாஃப்' என்பதில் கடைசி 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும். அதையே நாம் விழுங்கிவிட்டு 'டேக்' கை மட்டும் ஓங்கிச் சொன்னால், எடுத்துக்கொள் என்று கேட்பவருக்குப் படலாம். பெயர்ச்சொல் ஆகும்போது அழுத்தம் முன்னுக்கு வந்துவிடும். வண்டி 'ப்ரோக் டவுன்' ஆனது என்பதில் 'டவுன்' ஓங்கும். 'பிரேக்டவுன்' என்ற பெயரில் 'பிரேக்' ஓங்கும். எழுதும்போதும் வினை என்றால் இரண்டு சொல், பெயர் என்றால் பெரும்பாலும் ஒரே சொல். கணினியில் 'லாக் இன்' செய்கிறோம். அதற்குத் தேவைப்படுவது 'லாகின்' விவரம்.

எங்கே பேசலாம், எங்கே கூடாது

வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறோம். அலுவலகக் கடிதத்தில் கட்டடத்தைப் பராமரிக்கிறோம். பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம், கூட்டத்தை ஒத்திவைக்கிறார்கள். இதே இரட்டை வழக்கு ஆங்கிலத்திலும் இருக்கிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு, லத்தீன் வழிச் சொற்கள் பெருகின. பழைய நாட்டுச் சொற்கள் வீட்டிலும் தெருவிலும் தங்கின. அதனால் பேச்சில் 'புட் ஆஃப்', கடிதத்தில் 'போஸ்ட்போன்'. பேச்சில் 'ஃபைண்ட் அவுட்', அறிக்கையில் 'அசர்டெயின்'. மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுகிறவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். நண்பரோடு பேசும்போது இரண்டாவதைப் பயன்படுத்தினால் சுவரொட்டி படிப்பதுபோல் இருக்கும். 'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் இரண்டு இடத்திலும் செல்லும்.

நம் பக்கத்துப் பழக்கங்கள் சில

மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர் பலர் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதுவது இரண்டு கூட்டுகள். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழு. 'பாஸ் அவே' என்றால் காலமாகு. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் தாயின் நிலையைச் சொல்லும்போது, "ஷீ பாஸ்ட் அவுட், பட் ஷீ ஹேஸ் கம் ரவுண்ட்" என்றால், மயங்கினார், இப்போது தெளிந்துவிட்டார். 'அவுட்' இருக்கும் இடத்தில் 'அவே' வந்தால் அந்த மகன் என்ன ஆவான்? ஒரு சிறுசொல்லின் கனம் அவ்வளவு. வாந்தி எடுத்தார் என்பதற்கு 'த்ரூ அப்' என்பார்கள். எதையோ மேலே எறிந்தார் என்று எண்ணிவிடக் கூடாது.

இதே 'பாஸ் அவுட்' டை நாம் கல்லூரி முடித்ததற்குச் சொல்கிறோம். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்றால் வெளிநாட்டவர் காதில் மயங்கி விழுந்த ஆண்டாக விழும். "ஐ கிராஜுவேட்டட் இன் 2019" என்று சொல்லிவிடுங்கள்.

'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாம். 'கோப் வித்' போதும். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' வேண்டாம். 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது. 'ஆஃப் தி ஃபேன்' என்பதில் வினையே இல்லை. 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்' வேண்டும். குழாயைத் திற என்பதை 'ஓபன் தி டாப்' என்று சொல்லாமல் 'டர்ன் ஆன்' என்று சொல்லுங்கள். தொலைபேசியை வைத்துவிட்டார் என்பதற்கு 'ஹி ஹங் அப்'. தானாகத் துண்டிக்கப்பட்டால் 'வீ காட் கட் ஆஃப்'. இந்த இரண்டுக்கும் சேர்த்து 'கால் கட்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். கோபத்தில் வைத்ததா, சிக்னல் போனதா என்று மற்றவருக்குத் தெரியவேண்டாமா?

ஒரு பக்கம் எப்படி இருக்கும்

திருமங்கலத்திலிருந்து வந்து விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நோட்டிலிருந்து, அவருடைய அனுமதியோடு, ஒரு பக்கத்தை எடுத்துத் தருகிறேன். தலைப்பு 'கடை'.

"ஐ செட் ஆஃப் அட் செவன்." வீட்டிலிருந்து புறப்படுவது.

"எ கஸ்டமர் பிக்ட் அவுட் எ சுடிதார்." பல துணிகளிலிருந்து ஒன்றைப் பார்த்து எடுத்தார்.

"ஷீ ட்ரைட் இட் ஆன்." போட்டுப் பார்த்தார். இந்த வரியில் முதலில் 'ட்ரைட் ஆன் இட்' என்று எழுதி, அவரே அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார். ஓரத்தில் 'ட்ரைடிட்டான்' என்று சேர்த்து எழுதிய குறிப்பு.

"வீ ஹேட் ரன் அவுட் அவ் தி ஸ்மால் சைஸ்." சின்ன அளவு தீர்ந்துபோயிருந்தது.

"ஷீ ப்ராட் இட் பேக் தி நெக்ஸ்ட் டே." மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

வாரம் ஐந்து வரி. ஞாயிற்றுக்கிழமை இரவு தமிழ் விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஆங்கில வரியைப் படிக்கிறார். பிறகு ஆங்கிலத்தை மறைத்துக்கொண்டு தமிழிலிருந்து சொல்கிறார். தடுக்கிய வரிக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்து, அடுத்த வார ஐந்தோடு அதையும் சேர்த்துக்கொள்கிறார். மூன்று புள்ளி விழுந்த வரியை அழித்துவிட்டு, அதே கூட்டுக்குத் தம் வாழ்க்கையிலிருந்தே வேறு வாக்கியம் எழுதுகிறார்; பெரும்பாலும் பழைய வாக்கியம் எங்கிருந்தோ எடுத்ததாக இருந்ததுதான் காரணம் என்கிறார்.

அடுத்த பக்கத்தின் மேலே 'ஆஸ்பத்திரி' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. மாதக் கடைசியில் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறாராம். அன்று எழுதுவதற்காக அதைக் காலியாக விட்டுவைத்திருக்கிறார்.